கையில் நிற்கும் சம்பளம்: வெளிநாட்டுப் பள்ளி வேலையை எடைபோடுவது எப்படி?

ஈரோட்டு மஞ்சள் மண்டியில் குவிண்டால் என்ன விலைக்குப் போயிற்று என்பதை மட்டும் கேட்டுவிட்டு வீடு திரும்பும் விவசாயி யாரும் இல்லை. சாக்குக் கழிவு, சுமைகூலி, வண்டி வாடகை எல்லாம் போகப் பட்டியலின் கடைசி வரியில் என்ன நின்றது என்று பார்த்த பிறகுதான் அந்த ஆண்டு வெள்ளாமையைப் பற்றி அவர் வாயைத் திறப்பார். ஆனால் அதே வீட்டில் பிறந்து, பி.எட். முடித்து, பெருந்துறையிலோ திருச்செங்கோட்டிலோ ஒரு தனியார் பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கும் மகளுக்குத் துபாயிலிருந்து 'மாதம் 9,000 திர்ஹாம்' என்று ஆஃபர் லெட்டர் வந்தால், அதை ரூபாயால் பெருக்கியதோடு வீட்டாரின் கணக்கு முடிந்துவிடுகிறது. ஒரு திர்ஹாமை 23 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 2,07,000 ரூபாய். அந்த எண் அன்று மாலைக்குள் சொந்தபந்தம் முழுவதும் பரவிவிடும். அதில் எவ்வளவு கையில் நிற்கும் என்ற கேள்வி மட்டும் விமானம் ஏறிய பிறகே எழும்.

வளைகுடாவில் சில ஆண்டுகள் பாடம் நடத்திவிட்டுக் கோபிசெட்டிபாளையத்துக்குத் திரும்பியவன் என்பதால், அப்படி வரும் கடிதங்களை என்னிடம் கொண்டுவந்து காட்டுபவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வதைத்தான் இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். முதன்முறையாக இப்படி ஒரு வேலையை யோசிப்பவருக்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

'சர்வதேசப் பள்ளி' என்ற ஒரே பெயருக்குள் வெவ்வேறு வகைப் பள்ளிகள் இருக்கின்றன. வளைகுடா நாடுகளில் வாழும் இந்தியக் குடும்பங்களுக்காக நடக்கும் சி.பி.எஸ்.இ. பள்ளிகள் ஒரு வகை. அவற்றில் கட்டணம் குறைவு, ஆகவே சம்பளமும் குறைவு, வகுப்பில் பிள்ளைகள் அதிகம். பிரிட்டிஷ், அமெரிக்க, ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலரேட் என்ற பன்னாட்டு அமைப்பின்) பாடத்திட்டப் பள்ளிகள் மற்றொரு வகை. அங்கே கட்டணமும் சம்பளமும் பல மடங்கு உயரும். இந்த இரண்டாம் வகையிலும், லாப நோக்கில்லாமல் அறக்கட்டளை நடத்தும் பள்ளிக்கும், பங்குதாரர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டிய பள்ளிக் குழுமத்துக்கும் ஆசிரியரை நடத்தும் விதத்தில் வேறுபாடு உண்டு. எனவே கடிதத்தில் சம்பளத்தைத் தேடுவதற்கு முன்னால், பள்ளி எந்த வகை, யார் நடத்துவது என்பதைக் கேட்டறிய வேண்டும்.

ஊதியத் தொகுப்பில் முதலில் பார்க்க வேண்டியது அடிப்படைச் சம்பளம். மாதத்துக்கு 9,000 என்று எழுதியிருக்கும் கடிதத்தைப் பிரித்துப் பார்த்தால், அடிப்படை 4,000, வீட்டுப்படி 3,000, பயணப்படி 500, இதரப்படி 1,500 என்று இருக்கக்கூடும். எப்படிப் பிரித்தால் என்ன, மொத்தம் ஒன்றுதானே என்று தோன்றும். மாதாமாதம் வங்கிக்கு வரும் பணத்தைப் பொறுத்தவரை அது சரிதான். வேலையை விட்டு வரும் நாளில்தான் வேறுபாடு தெரியும். ஐக்கிய அரபு அமீரகத்தின் தொழிலாளர் சட்டப்படி, ஓராண்டாவது பணியாற்றியவருக்கு முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளமும், அதன் பிறகு ஆண்டுக்கு 30 நாள் சம்பளமும் பணிக்கொடையாகக் கிடைக்கும். அந்தச் சம்பளம் என்பது அடிப்படைச் சம்பளம் மட்டுமே. படிகள் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இந்தக் கணக்கில் சேராது. அடிப்படையைச் சிறிதாகவும் படிகளைப் பெரிதாகவும் எழுதும் வழக்கத்துக்குக் காரணம் இதுதான்.

இனி, இரண்டு கடிதங்களை அருகருகே வைத்துப் பார்ப்போம். எண்கள் எல்லாம் கணக்கு விளங்குவதற்காக நானே வைத்துக்கொண்டவை. வாடகையும் பள்ளிக் கட்டணமும் இடத்துக்கு இடம் பெரிதும் மாறும். ஆசிரியைக்குக் கணவரும் ஏழு வயதுப் பிள்ளை ஒன்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் கடிதம் மேலே சொன்ன 9,000 திர்ஹாம். பிள்ளைக்குப் பாதிக் கட்டணச் சலுகை உண்டு, வீடும் விமானச் சீட்டும் அவர் பொறுப்பு. இரண்டாம் கடிதத்தில் 6,500 திர்ஹாம், அது முழுவதும் அடிப்படைச் சம்பளம். மின்சாரம், தண்ணீரோடு பள்ளியே வீடு தரும். பிள்ளைக்குக் கட்டணம் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை மூவருக்கும் ஊருக்குப் போய்வர விமானச் சீட்டு உண்டு.

முதல் கடிதப்படி ஆண்டு வருமானம் 1,08,000 திர்ஹாம். அதில் ஆண்டு வாடகை 45,000, மின்சாரம், தண்ணீர், இணையம் மூன்றுக்குமாக 9,000, பாதிக் கட்டணம் 10,000, மூவரின் விமானச் சீட்டு 4,500 போனால் 39,500 நிற்கும். இரண்டாவதில் ஆண்டு வருமானம் 78,000. இணையத்துக்கு 4,000 போனாலும் 74,000 நிற்கும். சோறும் பேருந்தும் இரண்டுக்கும் பொது என்பதால் அவற்றைச் சேர்க்கவில்லை. மாதத்துக்கு 2,500 திர்ஹாம் குறைவாகத் தோன்றிய வேலை, ஆண்டு முடிவில் 34,500 திர்ஹாம் கூடுதலாகக் கொடுக்கிறது. இரண்டு ஆண்டு முடிந்து கிளம்பும்போது பணிக்கொடையாக முதல் பள்ளி 5,600 திர்ஹாம் தரும், இரண்டாவது பள்ளி 9,100 தரும்.

எல்லா இடத்திலும் வீடு தரும் பள்ளியே மேல் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட வேண்டாம். தனியாகப் போகும் இளைஞர் ஒருவர், நண்பர்களோடு அறையைப் பகிர்ந்துகொள்ள அணியமாக இருந்தால், அவருக்கு முதல் கடிதமே கூடுதலாக மிச்சப்படுத்தும். பிள்ளைக் கட்டணச் சலுகையும் குடும்பச் சீட்டும் அவருக்குப் பயன்படாத சலுகைகள். பள்ளி தரும் வீடு தனி வீடா, இன்னொரு ஆசிரியரோடு பகிர்ந்துகொள்ள வேண்டிய வீடா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். 'அக்காமடேஷன் ப்ரொவைடட்' என்ற இரண்டு சொற்களை நம்பிக் குடும்பத்தோடு போய் இறங்கி, ஒற்றை அறைக் கதவைத் திறந்து பார்த்துத் திகைத்தவர்களை நான் அறிவேன்.

அடுத்து, ஆண்டுக்கு எத்தனை மாதச் சம்பளம் என்ற கேள்வி. இது எனக்கே நேர்ந்தது. நான் முதலில் சேர்ந்த பள்ளியின் ஒப்பந்தத்தில் முடிவுத் தேதி ஜூன் 30 என்று இருந்ததை நான் கவனிக்கவில்லை. கோடை விடுமுறையான ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதச் சம்பளத்தையும் எதிர்பார்த்து ஊரில் ஒரு செலவை ஒப்புக்கொண்டுவிட்டேன். சம்பளம் வரவில்லை, கேட்டபோது ஒப்பந்தத்தைக் காட்டினார்கள். தவறு என்னுடையது. ஆகஸ்ட் மாதக் கடைசியில் தொடங்கி மறு ஆண்டு ஜூன் கடைசியில் முடியும் ஒப்பந்தம் என்றால், அது பத்து மாதச் சம்பளம். இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் இடையில் வரும் கோடைக்குச் சம்பளம் உண்டா, இறுதிக் கோடைக்கு உண்டா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

போய் இறங்கிய முதல் மாதத்தில் ஆகும் செலவைப் பலரும் கணக்கில் சேர்ப்பதில்லை. துபாயில் வாடகையை நம் ஊர் போல மாதாமாதம் கொடுக்கும் வழக்கம் குறைவு. ஆண்டு வாடகையை ஒன்று, இரண்டு அல்லது நான்கு காசோலைகளாகப் பிரித்து முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். அதோடு முன்வைப்புத் தொகை, தரகர் கட்டணம், மின்இணைப்புக்கான வைப்புத் தொகை என்று ஒவ்வொன்றாகச் சேரும். 45,000 திர்ஹாம் வாடகையை நான்காகப் பிரித்தாலும், முதல் காசோலை மட்டுமே 11,250. முதல் சம்பளம் 9,000 வருவதற்கு முன்பே அதைக் கொடுத்தாக வேண்டும். குடியேற்றப்படி உண்டா, வீட்டுப்படியைப் பள்ளி முன்பணமாகத் தருமா என்று கேட்பது இதற்காகத்தான். இல்லையென்றால் நகையை அடகு வைத்துவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டியிருக்கும். அந்த வட்டியும் மேற்சொன்ன கணக்கில் ஒரு கழிவாகச் சேரும்.

மருத்துவக் காப்பீட்டில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: அது ஆசிரியருக்கு மட்டுமா, குடும்பத்துக்கும் சேர்த்தா? துபாயில் ஊழியருக்குக் காப்பீடு எடுப்பது நிறுவனத்தின் கடமை. மனைவி, கணவர், பிள்ளைகளுக்கு எடுப்பது அவர்களுக்குத் தன் பொறுப்பில் விசா எடுத்து ஸ்பான்சர் செய்பவரின் கடமை. பள்ளி தானாக முன்வந்து ஏற்றுக்கொண்டால் தவிர, அந்தச் செலவு ஆசிரியருடையது.

நாடு மாறினால் கணக்கும் மாறும். சவுதி அரேபியாவில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. ஆனால் உடன் வாழும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 400 ரியால் அரசுக்குக் கட்ட வேண்டும். கணவரும் ஒரு பிள்ளையும் உடன் இருந்தால் ஆண்டுக்கு 9,600 ரியால். அதைப் பள்ளி கட்டுமா, ஆசிரியர் கட்ட வேண்டுமா என்பதைக் கடிதம் சொல்ல வேண்டும். அங்கே பணிக்கொடை முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம். ஆனால் தானாக ராஜினாமா செய்பவர் இரண்டு ஆண்டு முடிக்கவில்லை என்றால் ஒன்றும் இல்லை. இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் விலகினால் மூன்றில் ஒரு பங்குதான். அமீரகத்தில் 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி ராஜினாமா செய்ததற்காக அப்படிக் குறைப்பதில்லை.

கோவையிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது என்பதாலோ என்னவோ, நம் பக்கத்து ஆசிரியர்கள் சிங்கப்பூரையும் கேட்கிறார்கள். அங்கே மாதாமாதம் சம்பளத்தில் வரி பிடிப்பதில்லை. ஆண்டு முடிந்த பிறகு மொத்தமாகக் கணக்கிட்டுக் கேட்பார்கள். அதைத் தனியே எடுத்துவைக்காதவருக்கு இரண்டாம் ஆண்டு இடி விழுந்தது போல இருக்கும். அந்நாட்டின் சேமநல நிதியான சி.பி.எஃப். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே உரியது, வேலை அனுமதியில் போகும் நமக்குக் கிடையாது. மாதச் சம்பளம் 6,000 சிங்கப்பூர் டாலருக்குக் குறைந்தால் மனைவி மக்களை உடன் அழைத்துக்கொள்ளவும் முடியாது. அமீரகத்தில் அந்த வரம்பு 4,000 திர்ஹாம், அல்லது 3,000 திர்ஹாமும் வீடும்.

நாணய மாற்றைப் பற்றித் திருப்பூர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அமீரக திர்ஹாமும் சவுதி ரியாலும் அமெரிக்க டாலரோடு நிலையான மதிப்பில் கட்டப்பட்டவை. ஒரு டாலர் 3.6725 திர்ஹாம், 3.75 ரியால். ஆகவே டாலருக்கு எதிராக ரூபாய் சரிந்தால் ஊருக்கு அனுப்பும் பணம் கூடும். ஆனால் அந்தக் கூடுதல், ஊருக்கு அனுப்பிய பங்குக்கு மட்டும்தான். துபாயில் கொடுக்கும் வாடகைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ரூபாயில் பெருக்கிப் பார்க்க வேண்டியது மொத்தச் சம்பளத்தை அன்று, கடைசியில் நிற்கும் மிச்சத்தையே.

இந்திய வருமான வரியில் கிளம்பும் தேதியே பெரிய விஷயம். வேலைக்காக வெளிநாடு செல்லும் இந்தியர் அந்த நிதியாண்டில், அதாவது ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை, 182 நாளுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்தால் வெளிநாடுவாழ் இந்தியர் ஆகிவிடுவார். அங்கே வாங்கும் சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. ஆகஸ்ட் நடுவில் கிளம்புபவர் ஏறத்தாழ 137 நாள்தான் இங்கே இருந்திருப்பார், கவலையில்லை. பொங்கலை ஒட்டி, ஜனவரியில் தொடங்கும் பருவத்துக்குக் கிளம்புபவர் 280 நாளைத் தாண்டியிருப்பார். அந்த மார்ச் வரை அங்கே வாங்கும் சம்பளத்தையும் இந்தியாவில் கணக்குக் காட்ட வேண்டும். கிளம்பியதும் இங்குள்ள சேமிப்புக் கணக்கை, வெளிநாடுவாழ் இந்தியரின் உள்நாட்டு வரவுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிக்கொண்டு, அனுப்பும் பணத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு ஒன்றைத் தொடங்கினால் போதும். அதில் வரும் வட்டிக்கு வரி இல்லை.

சொல்லக் கசப்பான ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ஒரே பள்ளியில், ஒரே பாடத்துக்கு, பிரிட்டிஷ் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கும் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கும் வேறுவேறு சம்பளம் தரும் பள்ளிகள் இருக்கின்றன. 'லோக்கல் ஹயர்' என்ற பெயரில், ஏற்கெனவே அந்நாட்டில் கணவரின் விசாவில் இருக்கும் ஆசிரியைக்கு வீட்டுப்படியும் விமானச் சீட்டும் இல்லாமல் ஒப்பந்தம் போடுவதும் வழக்கம். கணவர் அங்கே வேலையில் இருக்க, இவர் போய்ச் சேர்ந்துவிட்டு அங்கிருந்தே வேலை தேடுவது வசதி என்று நம் வீடுகளில் முடிவு செய்வார்கள். ஊரில் இருந்தபடியே விண்ணப்பித்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய படிகள் அந்த வசதியால் போய்விடும். நம் தரப்பை வலுப்படுத்தும் வழி ஒன்று உண்டு. 2023 முதல் இந்தியாவில் தகுதி பெற்ற கணித, அறிவியல் ஆசிரியர்கள் இங்கிலாந்தின் ஆசிரியர் தகுதி அங்கீகாரமான க்யூ.டி.எஸ்.ஸுக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம். பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிகள் அதை மதிக்கும்.

பள்ளியைச் சோதிப்பது கடினமன்று. துபாய்ப் பள்ளிகளை ஆய்வு செய்து துபாய் அரசின் கல்வி ஆணையமான கே.ஹெச்.டி.ஏ. அறிக்கைகளை வெளியிட்டிருக்கிறது, மிகச் சிறந்தது முதல் மிக நலிந்தது வரை ஆறு படிகள் அதில் உண்டு. ஐ.பி. பள்ளி என்று சொல்லிக்கொள்ளும் இடம் அங்கீகாரம் பெற்றதா என்பதை ஐ.பி. அமைப்பின் பட்டியலிலேயே பார்த்துவிடலாம். எனினும் இவற்றைவிட, அங்கே இப்போது வேலை செய்யும் ஓர் ஆசிரியரிடம் பேசுவதையே நான் பெரிதாக மதிக்கிறேன். அவரிடம் கேட்க வேண்டியது: சம்பளம் எந்தத் தேதியில் வருகிறது, சென்ற ஆண்டு எத்தனை பேர் விலகினார்கள், வாரத்துக்கு எத்தனை பீரியட். பள்ளியே தேர்ந்தெடுத்துத் தரும் ஆசிரியரிடம் பேசுவதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது.

பத்தாம் வகுப்பு தேறியவர் என்பதால் ஆசிரியரின் கடவுச்சீட்டுக்குக் குடியகல்வு (எமிக்ரேஷன்) அனுமதி தேவையில்லை. இது வசதிதான், ஆனால் அரசின் அதிகாரி ஒருவரும் அவருடைய ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்க மாட்டார் என்பதும் இதன் மறுபக்கம். எனவே அவரே படிக்க வேண்டும். ஏஜென்ட் மூலம் போகிறவர், அந்த ஏஜென்டின் பெயர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும். லட்சங்களில் கேட்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றும் சென்னையில் இருக்கிறது. 'முதலில் விசிட் விசாவில் வாருங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம்' என்று யார் சொன்னாலும் மறுத்துவிட வேண்டும். அந்த விசாவில் வேலை செய்வது அமீரகத்தில் சட்டவிரோதம்.

சான்றிதழ்களைப் பொறுத்தவரை நம் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. தனியார் பள்ளிகள் சில, சேரும்போது அசல் சான்றிதழ்களை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்கின்றன. கல்வியாண்டின் நடுவில் கேட்டால் தர மறுக்கும். பட்டத்துக்கும் பி.எட்.டுக்கும் மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம் ஆகியவற்றின் சான்றொப்பம் வாங்க அசல்தான் தேவை. ஒரு நாட்டின் ஒற்றைச் சான்றொப்பத்தை மற்ற நாடுகள் ஏற்கும் அபோஸ்டில் உடன்படிக்கையில் சவுதி 2022 டிசம்பர் முதல் இருப்பதால், அங்கே போக இந்தச் சான்றொப்ப வேலை எளிது. அமீரகமும் கத்தாரும் அதில் இல்லை என்பதால் தூதரகச் சான்றொப்பமும் வேண்டும், நாள் கூடுதலாகும். விண்ணப்பம் போடுவதற்கு முன்பே அசலைக் கைக்குக் கொண்டுவந்துவிடுவது நல்லது.

பிள்ளையின் வயதும் கணக்கில் சேரும். இலவசக் கட்டணம் என்று இனிக்கும் சலுகை, பிள்ளை எட்டாம் வகுப்பில் இருந்தால் வேறு விதமாகத் தெரியும். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தின்படி இங்கே பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். தமிழே படிக்காமல் இரண்டு ஆண்டு கழித்துப் பத்தாம் வகுப்புக்குத் திரும்பும் பிள்ளை எந்தப் பள்ளியில், எந்தப் பாடத்திட்டத்தில் சேரும் என்பதைக் கிளம்பும்போதே முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

கடைசியாக, விலகும் விதி. எத்தனை மாத முன்னறிவிப்பு, இடையில் விலகினால் விமானச் சீட்டுக்கும் விசாவுக்கும் ஆன செலவைத் திருப்பித் தர வேண்டுமா, தகுதிகாண் பருவம் எத்தனை மாதம் என்பவற்றை ஒப்பந்தத்தில் தேடிப் படிக்க வேண்டும். அமீரகத்தில் தகுதிகாண் பருவம் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது. ஆகஸ்டில் தொடங்கும் பள்ளிகள் அடுத்த ஆண்டு யார் இருப்பார்கள், யார் போவார்கள் என்பதை நவம்பர், டிசம்பர் மாதங்களிலேயே எழுத்தில் கேட்டுவிடும். அடுத்த ஆண்டுக்கான ஆள்தேடலும் அப்போதே தொடங்கிவிடும். ஆகவே இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் போகிறவருக்கு, இருப்பதா கிளம்புவதா என்று தீர்மானிக்க உண்மையில் கிடைப்பது பதினைந்து, பதினாறு மாதங்கள்தான். மேலே போட்ட மிச்சக் கணக்கை, வைத்துக்கொண்ட எண்களை நீக்கிவிட்டு உண்மையான எண்களோடு, முதல் ஆண்டுக் கோடை விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது ஒருமுறை திரும்பப் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.